மனச்சோர்வும் மருந்தால் தீரும் நோயே

திருத்தணி வட்டாரத்தில் ஒருவருடைய வேர்க்கடலை நிலத்தில் களை மண்டிக் கிடந்தால் அக்கம்பக்கத்தார் முதலில் சொல்லும் சொல் "சோம்பேறி" என்பதுதான். இருபது ஆண்டுகளாக விடியுமுன் எழுந்து மோட்டார் போட்டவர், இரண்டு மாதமாக நிலத்துப் பக்கமே போகவில்லை என்றால் அதைச் சோம்பல் என்பது பொருந்தாது. ஒரே பருவத்தில் ஒருவருக்குச் சோம்பல் வந்துவிடுவதில்லை. கடலைச் செடி மஞ்சளானால் இரும்புச் சத்துக் குறைவா, வேர் அழுகலா என்று பிடுங்கிப் பார்க்கும் விவசாயி, வீட்டில் மனிதர் வாடும்போது மட்டும் பாராமலே பெயர் சூட்டிவிடுகிறார்.

மனச்சோர்வு ஒரு நோய். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் இடம் பெற்றது. பெரியவர்களில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் இந்நோய் வருவதாக அது கண்டது. ஆகவே எந்த ஊரிலும் இது இல்லாமல் இராது.

மழை பொய்த்தாலும் மாடு இறந்தாலும் துக்கம் வருவது இயல்பு. சில நாளில் மனம் தேறி, அடுத்த பட்டத்துக்கு விதை தேடத் தொடங்கிவிடும். நோய் அப்படித் தேறுவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும், நாளின் பெரும்பகுதியும் மனம் கனத்துக் கிடக்கும். ஆடிக் கிருத்திகைக்கு ஊரே காவடி எடுத்துப் புறப்பட்டாலும் இவருக்கு அதில் நாட்டம் இராது. நள்ளிரவு தாண்டி இரண்டு, மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமில்லை. பசி குறையும், உடம்பு இளைக்கும், பேச்சு மெதுவாகும். "என்னால் யாருக்கும் உபயோகம் இல்லை" என்று சொல்லத் தொடங்குவார். நம் கிராமங்களில் பலர் மனத்தைப் பற்றிப் பேசாமல் தலைபாரம், உடம்பு வலி, அஜீரணம் என்றுதான் மருத்துவரிடம் சொல்வார்கள். ஆண்களிடம் சில சமயம் இது கோபமாகவும் குடியாகவும் வெளிப்படும். பெண்கள் அடுப்பு வேலையும் மாட்டு வேலையும் எப்படியோ செய்து முடித்துவிடுவதால் அவர்களுடைய நோய் கடைசி வரை கண்ணில் படுவதில்லை. பிள்ளை பெற்ற சில மாதங்களில் அவர்களைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

"கடன் தீர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது பலருடைய வாதம். கடன் உண்மைதான், வட்டி மனிதனைத் தின்பதும் உண்மைதான். ஆனால் இந்நோய் வந்தவரால் கடனையும் கவனிக்க முடிவதில்லை என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடனை உரிய தேதிக்குள் கட்டினால் வட்டி இல்லை. தேதி தப்பினால் சலுகை போய்விடும். பயிர்க் காப்பீட்டுக்கும் கடைசித் தேதி உண்டு. திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடுகிறவர் வெட்டு உத்தரவுக்கு அலைய வேண்டும். படுக்கையை விட்டு எழ முடியாதவர் இவற்றில் எதைச் செய்வார்? நோயைப் பார்க்காமல் விட்டால் கடன் இரட்டிப்பாகும். முதலில் ஆளைத் தேற்ற வேண்டும். அதுவரை கணக்கு வழக்கை மகனோ, மனைவியோ, அண்ணன் தம்பியோ ஏற்று நடத்துவதே முறை.

முருகனை வேண்டிக்கொள்வதைத் தடுப்பவர் யாருமில்லை. 365 படி ஏறி நேர்த்திக்கடன் செலுத்துவதால் மனத்துக்கு ஒரு பிடிப்புக் கிடைக்கலாம். சர்க்கரை வியாதிக்காரரும் மலையேறுகிறார், மாத்திரையும் சாப்பிடுகிறார். அதுபோல இவரையும் படி இறங்கியதும் திருத்தணி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லலாம். கழிப்புக் கழிக்கிறேன் என்று வருகிறவரிடம் செலவழிக்கும் பணமும் மாதங்களும்தான் வீண்.

மருத்துவர் தேவைப்பட்டால் இரத்தசோகை, தைராய்டு கோளாறு உண்டா என்று சோதிப்பார். இவையும் சோர்வைத் தரும். பிறகு மாத்திரையோ, ஆலோசனையோ, இரண்டுமோ தருவார். யூரியா போட்ட சில நாளில் பயிர் பச்சை கட்டுவதுபோல இந்த மாத்திரை வேலை செய்யாது. குணம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஐந்தாம் நாளே "ஒன்றும் கேட்கவில்லை" என்று தூக்கி எறிபவர்களே அதிகம். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டியிருக்கும். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மதுவைப் போல இதற்கு அடிமையாகிவிடுவோம் என்ற பயம் வேண்டியதில்லை.

மேல்சிகிச்சைக்குத் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும் உள்ளன. நேரில் போகத் தயங்குவோர் 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய இச்சேவையில் தமிழும் தெலுங்கும் உண்டு. வீட்டில் தெலுங்கு பேசும் எல்லையோரக் குடும்பங்களுக்கு இது பெரிய உதவி. துக்கத்தை வீட்டு மொழியில்தான் சொல்ல முடியும்.

சாவைப் பற்றி அவர் பேசினால் அலட்சியம் கூடாது. "அப்படி எண்ணம் வருகிறதா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் எண்ணம் உண்டாகிவிடாது. அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காதிருப்பதே நல்லது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் சிநேகா அமைப்பின் முயற்சியால் ஊருக்குப் பொதுவான அறை கட்டி, பூட்டுப் பெட்டிகளில் மருந்தை வைத்தார்கள். அங்கே பூச்சிமருந்துத் தற்கொலை குறைந்தது. திருத்தணிப் பக்கத்து ஊர்களும் இதைச் செய்யலாம், பெரிய செலவில்லை. யாரேனும் குடித்துவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல், 108-ஐ அழைத்து, மருந்து டப்பாவுடன் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வழக்கு வரும் என்று மறைக்க வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது.

முதல் முறை மருத்துவமனைக்குப் போகும்போது வீட்டார் ஒருவர் உடன் செல்வது அவசியம். தூக்கம் எப்போது கெட்டது, வேலையை எப்போது விட்டார், குடி உண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பவற்றை அவர் சொல்ல மாட்டார். உடன் வந்தவர்தான் சொல்ல வேண்டும். பழைய மருத்துவச் சீட்டுகளையும் கையோடு எடுத்துச் செல்லவும்.