டெல்லிக்கு அனுப்பியது எதற்காக?

திருவண்ணாமலையில் ஒரு மூத்த அரசியல்வாதியின் நாடாளுமன்ற வாழ்க்கையை அளக்க நம்மிடம் இருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: எத்தனை முறை வென்றார்? டி. வேணுகோபால் 1996 முதல் நான்கு முறை திருப்பத்தூரிலும், தொகுதி மறுவரையறைக்குப் பிறகு 2009-ல் திருவண்ணாமலையிலும் வென்றவர் என்பது இங்கே பலருக்கும் மனப்பாடம். இன்றைய உறுப்பினர் சி.என். அண்ணாதுரை 2019, 2024 என இரு முறை வென்றிருக்கிறார் என்பதும் தெரியும். ஆனால் இவர்கள் மக்களவையில் எந்தத் துறையைக் கேள்வி கேட்டார்கள், எந்தக் குழுவில் உட்கார்ந்தார்கள், எந்த மசோதாவைத் திருத்த முயன்றார்கள் என்று கேட்டால் டீக்கடையிலும் பதில் இல்லை, கட்சி அலுவலகத்திலும் பதில் இல்லை. பத்திரிகைகளும் வாக்கு வித்தியாசத்தைத்தான் பெரிய எழுத்தில் போடுகின்றன. வென்ற முறைகளை எண்ணி ஒருவரை மூத்த நாடாளுமன்றவாதி என்று அழைப்பதை நிறுத்த வேண்டும். அந்தப் பெயரை அவையில் செய்த வேலைதான் தர வேண்டும்.

அப்படிப் பெயர் பெற்றவர் நம் காலத்திலேயே இருந்தார். இரா. செழியன் 1962-ல் பெரம்பலூரிலும், 1967, 1971 தேர்தல்களில் கும்பகோணத்திலும் வென்று மக்களவைக்குப் போனார். 1978 முதல் 1984 வரை மாநிலங்களவையில் இருந்தார். வெற்றிக் கணக்கைப் பார்த்தால் இவரை விஞ்சியவர்கள் தமிழகத்தில் பலர் உண்டு. ஆனால் கணிதம் படித்த இந்த மனிதர், அரசின் வரவு செலவைத் தணிக்கை அறிக்கையோடு ஒப்பிட்டுத் துருவும் பொதுக் கணக்குக் குழுவின் தலைவராக உட்கார்ந்தவர். நெருக்கடி நிலையை அவையில் எதிர்த்தவர். அந்தக் காலத்து அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷனின் அறிக்கை 1980-க்குப் பிறகு எங்கும் கிடைக்காமல் போனபோது, அதைத் தேடியெடுத்து 2010-ல் நூலாக வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 87. பதவி போய்க் கால் நூற்றாண்டு கடந்திருந்தது. 2017-ல் வேலூரில் காலமானார். எந்தச் சமுதாயக் கூடத்தின் கல்வெட்டிலும் பெயர் பொறிக்காமலே ஒருவர் நாடாளுமன்றத்தில் நிலைத்து நிற்க முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

“பேச்சு யாருக்கு வேண்டும்? தொகுதிக்கு என்ன செய்தார் என்பதுதானே கேள்வி” என்பார்கள். நியாயமான கேள்விதான், கணக்குப் போட்டே பார்க்கலாம். நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். ஜோலார்பேட்டை, திருப்பத்தூர், செங்கம், திருவண்ணாமலை, கீழ்பென்னாத்தூர், கலசபாக்கம் என ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்கும் பங்கிட்டால் ஒன்றுக்கு 83 லட்சம் தேறும். அதே தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களிடம் ஆளுக்கு 3 கோடி, மொத்தம் 18 கோடி இருக்கிறது. பயணியர் நிழற்குடை கட்ட டெல்லி வரை ஆள் அனுப்பத் தேவையில்லை. அரசின் செலவைக் கண்காணிக்க வேண்டியவர்களே செலவு செய்பவர்களாக மாறுவதைச் செழியன் கடுமையாக எதிர்த்து எழுதியதும் இதனால்தான். இந்த ஊருக்கு டெல்லியில் ஆகவேண்டிய காரியங்களோ வேறு. திண்டிவனம்–திருவண்ணாமலை ரயில் பாதை மன்மோகன் சிங்கின் முதல் ஆட்சிக்காலத்தில் ஒப்புதல் பெற்றது. இன்னும் ரயில் ஓடவில்லை. மீட்டர் கேஜ் காலத்தில் இருந்த சென்னை ரயில் தொடர்பு, பாதை மாற்றத்துக்காக அறுந்து, 2024 மே மாதம்தான் கடற்கரை–வேலூர் ரயிலின் நீட்டிப்பாகத் திரும்பி வந்தது. தொல்லியல் துறை 2002-ல் அண்ணாமலையார் கோயிலைத் தன் பாதுகாப்பில் எடுக்க முனைந்து, ஊரே எதிர்த்த பிறகு கைவிட்டது. இவை எல்லாமே மத்திய அமைச்சர் பதில் சொல்ல வேண்டிய விஷயங்கள். அந்தப் பதிலை அவையில் எழுத்தில் வாங்குவதும், அடுத்த கூட்டத்தொடரில் அதையே காட்டி மறுபடி கேட்பதும் தொகுதி வேலை இல்லையென்றால் வேறு எது?

இன்னொரு வாதம், கொறடா உத்தரவை மீறினால் பதவி போய்விடும்போது தனி உறுப்பினரால் என்ன முடியும் என்பது. கட்சித் தாவல் தடைச் சட்டம் வாக்கைத்தான் கட்டுகிறது. கேள்வி கேட்பதையோ, குழுவில் ஆவணங்களைப் புரட்டுவதையோ, தனிநபர் மசோதா கொண்டுவருவதையோ அது தடுக்கவில்லை. மாநிலங்களவை உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியது; பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஓர் அவை ஏற்ற தனிநபர் மசோதா அது. எண்ணிக்கை பலம் இல்லையே என்ற புலம்பலுக்கும் இந்த ஊரின் வரலாறே பதில் வைத்திருக்கிறது. 1957-ல் திமுகவுக்கு மக்களவையில் இருந்தது இரண்டே பேர்: நாமக்கல்லின் ஈ.வெ.கி. சம்பத், திருவண்ணாமலையின் இரா. தர்மலிங்கம். ஆங்கிலம் அலுவல் மொழியாகத் தொடரும் என்ற உறுதியை நேரு 1960-ல் சம்பத்துக்குக் கடிதமாகவே எழுதித் தர நேர்ந்தது அந்த இருவர் காலத்தில்தான். 1961-ல் சம்பத் கட்சியை விட்டு விலகியபின் தர்மலிங்கம் தனியாளாக அங்கே உட்கார்ந்திருந்தார். 1962-ல் இத்தொகுதி அவரையே திரும்ப அனுப்பியது.

அவையே சுருங்கிவிட்டது என்பது மட்டும் மறுக்க முடியாத உண்மை. முதல் மக்களவை ஆண்டுக்குச் சராசரியாக 135 நாள் கூடியது. பதினேழாவது மக்களவை 55 நாள்தான். பதினைந்தாவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களின் பரிசீலனைக்குப் போயின. பதினேழாவதில் 16 சதவீதம். ஐந்தாண்டு முழுவதும் துணை சபாநாயகரே இல்லாமல் அந்த அவை நடந்து முடிந்தது. 2023 டிசம்பரில் இரு அவைகளிலுமாக 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். பழி ஆளும் தரப்பையே பெரிதும் சேரும். ஆனால் நேரம் குறைந்தால் கிடைத்த நேரத்தில் என்ன செய்தார் என்ற கேள்விக்கு எடை கூடுமே தவிரக் குறையாது. கேள்விகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து மதிப்பெண் போடுவதும் சரியல்ல. உதவியாளர் எழுதிக் கொடுத்த கேள்விகளும் அந்தக் கணக்கில் ஏறிவிடும். ஒரே பிரச்சினையை எத்தனை கூட்டத்தொடர்களுக்கு விடாமல் துரத்தினார் என்பதே பார்க்க வேண்டியது.

அதைப் பார்க்க வாக்காளருக்கு வழி வேண்டும். அவை நடவடிக்கைகள் இணையத்தில் இருந்தாலும், கலசபாக்கத்து விவசாயி புரட்டிப் பார்க்கும் வடிவத்தில் இல்லை. எனவே ஒவ்வொரு கூட்டத்தொடரும் முடிந்த ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்ற உறுப்பினர் தமிழில் ஓர் அறிக்கை வெளியிட வேண்டும்: கேட்ட கேள்விகள், வந்த பதில்கள், குழுக் கூட்டங்களில் வருகை, வாக்களித்த விதம், நிதி செலவான இடங்கள். அதை ஆறு தொகுதிகளிலும் பொதுமக்கள் முன் வைத்துப் பதில் சொல்ல வேண்டும். இதற்குச் சட்டமும் வேண்டாம், கட்சித் தலைமையின் அனுமதியும் வேண்டாம். அண்ணாதுரை இதைத் தொடங்கி வைக்கட்டும். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், வாக்காளர்கள் முதலில் இந்த அறிக்கையைக் கேளுங்கள்.