தரைக்கு ஒரு நீதி, மாடிக்கு ஒரு நீதியா?

'இலவச வீடு' என்ற சொல்லைக் கேட்டதும் நம்ம சனங்க மயங்கிப் போறாங்க. அது யார் காசு என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்கிறேன்.

1995இல் மராட்டியத்தில் ஆட்சிக்கு வந்த சிவசேனா - பாரதிய சனதா கூட்டணி, மும்பைக் குடிசைவாசிகள் 40 லட்சம் பேருக்கு இலவச வீடு என்றது. கஜானா திறக்கவில்லை. குடிசை நிலத்தில் அடுக்குமாடி கட்டி, குடும்பத்துக்கு 225 சதுர அடி கொடுக்கும் பில்டர், கூடுதலாகக் கட்டி வெளியே விற்றுக்கொள்ளலாம். அன்றைய விதிப்படி தாராவியில் நமக்கு 1 சதுர அடி கட்டினால் அவனுக்கு 1.33 சதுர அடி. இதற்குப் பெயர் ஊக்குவிப்பு! நம்ம காலடி மண்ணை விற்று நமக்கே தானம்.

அந்த மண்ணுக்கு விலை எப்படி வந்தது? தாராவி சதுப்புநிலமாகக் கிடந்தது. திருநெல்வேலிச் சேரிகளிலிருந்து போன நம்ம ஆட்கள் முஸ்லிம்களோடு சேர்ந்து தோல் பதனிட்டார்கள். குசராத்துக் குயவர்கள் சூளை போட்டார்கள். குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கியவர்கள் இவர்கள்தான்.

2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்பு ஏலத்தை அதானி குழுமம் எடுத்தது. இப்போது 350 சதுர அடி என்கிறார்கள். யாருக்கு? 2000 சனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதாகக் காகிதம் காட்டுகிறவருக்கு. மேல்மாடியில் இருப்பவருக்கு தாராவிக்குள் இடமில்லை. வெளியே வாடகையோ தவணையோ கட்டி இருக்கணும். அந்த 'வெளியே' எங்கே தெரியுமா? 2024இல் அரசு ஒதுக்கிய நிலங்களில் முலுண்ட் பக்கத்து உப்பளமும் உண்டு, தேவ்னார் குப்பைமேடும் உண்டு. ஊருக்கு வெளியேதான் சேரி என்று மனு சொன்னதை நகரத் திட்டமாக வரைந்திருக்கிறார்கள்.

மாடியில் இருப்பது யார்? பிந்தி வந்த கூலிக்காரன். தனிக்குடித்தனம் போன தம்பி. கைக்குழந்தையோடு வாடகைக்கு ஒண்டியிருக்கும் பெண். கீழ்வீட்டுக்காரர் சாவிக்குக் காத்திருக்க, மேல்வீட்டுக்காரர் மூட்டை கட்ட வேண்டுமாம். ஒரே ஏணியில் ஏறி இறங்கியவர்களை ஒரு தேதி பிரித்துவிட்டது. பில்டருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கணக்கெடுப்புக்கு வருகிறவனிடம் தரைத்தளத்தார் ஒரே குரலில் சொல்லணும்: மாடியையும் எழுது, வாடகைக்காரனையும் எழுது, பட்டறையையும் எழுது. எல்லோருக்கும் தாராவிக்குள்ளேயே இடம். அதுவரை கையெழுத்து கிடையாது.

தோழர்களே, அடுத்த தேதி யாரை வெளியே தள்ளும் என்று எந்தத் தரைத்தளத்துக்கும் உத்தரவாதம் இல்லை.