பம்புக்குள் இருப்பது என்ன உலோகம்?

கிண்டி தொழிற்பேட்டை 1958-ல் வந்த பிறகு, ஏரியும் வயலுமாக இருந்த ஆதம்பாக்கத்தில் லேத் பட்டறைகள் பெருகின. சென்ற மாதம் திருப்போரூர் பக்கம் இரண்டு ஏக்கர் பயிர் செய்யும் என் மைத்துனர், தண்ணீர் குறைந்துபோன மோனோபிளாக் பம்பின் இம்பெல்லரை எடுத்துக்கொண்டு அப்படியொரு பட்டறைக்கு வந்தார். நானும் கூடச் சென்றேன். பட்டறைக்காரர் கத்தி முனையால் சுரண்டினார். கரித்தூள் போல உதிர்ந்தது. உடைந்த துண்டால் சிமெண்டுத் தரையில் கோடு இழுத்தார். பென்சில் போல எழுதியது!

உவர் நீரில் வார்ப்பிரும்புக்கு நேரும் கதி இது. வார்ப்பிரும்பில் இரும்போடு கரியும் கலந்திருக்கிறது. உப்பு நீர் இரும்பை அரித்துவிட, கரி மட்டும் பழைய வடிவத்திலேயே நிற்கும். பார்வைக்குப் பழுது தெரியாது. நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு வார்ப்பிரும்பே போதும்; வீண் செலவு வேண்டாம். உவர் நீருக்கோ செம்பு, வெள்ளீயம், துத்தநாகம் சேர்ந்த கன்மெட்டல் இம்பெல்லரை, விலை கூடினாலும், வாங்கத்தான் வேண்டும்.

பம்பு வாங்கியபோது கடையில் "எல்லாம் ஒசத்தி மெட்டல்" என்றார்களாம். பில்லில் "பம்பு ஒன்று" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. இனி யாரிடம் நியாயம் கேட்பது? இம்பெல்லர், ஷாப்ட், குழாய் ஒவ்வொன்றும் என்ன பொருள், என்ன ரகம் என்று பில்லில் எழுதித் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. மானியத்தில் தரும் பம்புக்கும் இது பொருந்தும்.

காந்தம் வைத்துப் பார்த்தால் போதும் என்பார் சிலர். அது பாதிதான் சரி. வார்ப்பிரும்பில் காந்தம் ஒட்டும், கன்மெட்டலில் ஒட்டாது. ஆனால் ஷாப்டுக்குப் பயன்படும் 410 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் ஒட்டும். அதை மட்டமான இரும்பு என்று ஒதுக்கிவிடக் கூடாது.

மெக்கானிக்கல் சீலில் கரி வளையத்தோடு உராய்வது பல பம்புகளில் பீங்கான் வளையம். அது எளிதில் தேயாது, துருவும் ஏறாது. ஆனால் தண்ணீரின்றி பம்பு ஓடிச் சூடேறி, அந்தச் சூட்டோடு குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் கண்டுவிடும். கிணறு வற்றும் கோடையில் கவனம் தேவை.

பி.வி.சி. குழாய் துருப்பிடிக்காது, உட்புறம் வழவழப்பானது. வெயில்தான் அதற்கு எமன். வரப்பின்மேல் கிடந்தால் சில ஆண்டுகளில் நொறுங்கும், மண்ணில் புதைத்துவிடுங்கள். வெளியில் கிடக்க வேண்டிய இடத்திற்குக் கறுப்பு எச்.டி.பி.இ. குழாய் ஏற்றது, அதில் கலந்துள்ள கரி வெயிலைத் தாங்கும். பி.வி.சி. குழாயில் ஐ.எஸ். 4985 முத்திரையையும், எத்தனை கிலோ அழுத்தம் என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். நீர் ஏறும் உயரம் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு கிலோ என்று கணக்கு. பம்பு நிற்கும்போது விழும் அடிக்காக அதற்கு மேலும் கொஞ்சம் இருக்கட்டும்.

மைத்துனர் கன்மெட்டல் இம்பெல்லர் வாங்கிப் போனார். கடைக்காரர் முனகிக்கொண்டேதான் பில்லில் உலோகத்தின் பெயரை எழுதிக் கொடுத்தார்.