பவுணில் விற்ற பட்டம்

மகளுக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. கடன் அப்படியே கிடக்கிறது. வங்கியிலிருந்து கடிதம் வருவது அவள் தகப்பன் பெயருக்கு. வரட்டும், கட்டுகிறோம். ஆனால் இந்தக் கடனை எங்கள் தலையில் ஏற்றியவர்கள் யார் என்று கேட்க எனக்கு உரிமை இல்லையா?

அவள் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் மூன்று பாடத்திலும் நல்ல சித்தி பெற்றவள். தெஹிவளையில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம். அந்த வாசல் அவளுக்குத் திறக்கவில்லை. அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவுப் பிள்ளைக்கும் மொனராகலைப் பிள்ளைக்கும் ஒதுக்கியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் பிள்ளைகள் என்ன பாடுபட்டுப் பரீட்சை எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். என் ஆத்திரம் வேறு. கொழும்பு மாவட்டம் என்றால் எல்லோரும் வசதிக்காரர் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். யுத்தத்தில் வீடு வாசல் இழந்து வந்து, காலி வீதிக்கு உள்ளே இரண்டு அறையில் வாடகைக்கு இருக்கிற குடும்பத்துப் பிள்ளையும் கறுவாத்தோட்டத்துப் பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளியை எட்ட வேண்டும். உயர்தரத்தில் தகுதி பெறுகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தில் இடம். 1945 இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி மற்ற மூவரையும் வாசலிலேயே விட்டுவிட்டது.

அந்த மூவரைத் தேடித்தான் தனியார் கல்வி நிறுவனத்தார் வந்தார்கள். வெட்டுப்புள்ளி வெளியான கையோடு தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. “அன்ரி, இது லண்டன் டிகிரி அன்ரி. இங்கேயே இருந்து படிக்கலாம். வேலை கையில் இருக்கிற மாதிரி.” கட்டடம் குளிரூட்டப்பட்டது. சுவர் நிறைய பிரித்தானியக் கொடி. பிரித்தானியப் பல்கலைக்கழகத்துக்குக் கட்ட வேண்டிய பங்கு பவுணில் என்பதை மட்டும் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். முழுப் படிப்புக்கும் ரூபாயில் எவ்வளவு முடியும் என்று எழுதித் தாருங்கள் என்று அவள் தகப்பன் கேட்டார். சிரித்துச் சமாளித்தார்களே தவிர எழுதித் தரவில்லை.

நாவலையில் திறந்த பல்கலைக்கழகம் 1980 முதல் இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், கட்டணமும் தாங்கக்கூடியது. அதை ஒருவரும் எங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. வெள்ளவத்தையில் நாலு பேர் கூடும் கலியாண வீட்டில் “பிள்ளை எந்தக் கம்பஸ்?” என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு பெயர் வேண்டுமாம். அந்தப் பெயருக்குத்தான் விலை போட்டு விற்றார்கள்.

அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே, 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாயைக் கைவிட்டது. ஏறக்குறைய 270 ரூபாயாக இருந்த ஒரு பவுண் இரண்டு மூன்று மாதத்துக்குள் 450ஐத் தொட்டது. 3,000 பவுண் கட்ட வேண்டிய வீட்டில் எட்டு இலட்சமாக இருந்தது பதின்மூன்றரை இலட்சமானது. பாடம் கூடவில்லை, படிப்பிக்கிறவர் மாறவில்லை. படிப்பித்ததும் கொழும்பில், சம்பளம் வாங்கியதும் ரூபாயில். ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளியால் உயர்த்தியது. ஊர்க் காணி உறுதியை ஈடு வைத்து எடுத்த எங்கள் கடனுக்கும் வட்டி ஏறியது. பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்றுவிட்டு வந்து கட்டண அறிவித்தலைப் பிரித்துப் பார்த்தோம். உரிய திகதிக்குள் கட்டாவிட்டால் இறுதிப் பரீட்சை இல்லை. இடையில் நிறுத்தினால் கட்டியதும் போய்விடும். எங்கே போவது?

அரசாங்கம் 2017 முதல் வட்டியில்லாக் கடன் கொடுக்கிறது. அது அமைச்சின் பட்டியலில் உள்ள உள்நாட்டுப் பட்டப்படிப்புகளுக்குத்தான். பிரித்தானியப் பெயர் போட்ட பட்டம் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆசைப்பட்டீர்கள், அனுபவியுங்கள் என்கிறார்கள். ஆசைப்பட்டது உண்மைதான், பிள்ளை படிக்க வேண்டும் என்ற ஆசை. ரூபாயை விழுத்தியது எங்கள் ஆசையா? 2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பொருளாதாரச் சரிவுக்குக் கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷ சகோதரர்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவரும் வேறு அதிகாரிகளும் பொறுப்பு என்று சொன்னது. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவு 150,000 ரூபாய் வீதம் கொடுக்கச் சொன்னது. மக்களுக்கு நட்டஈடு இல்லை. குற்றம் யாருடையது என்று நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றமே சொன்ன பிறகும், மாதா மாதம் தவணை கட்டுகிறவர்கள் நாங்கள்.

மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். நேர்முகத் தேர்வில் என்ன செய்யத் தெரியும் என்றுதான் கேட்டார்களாம். லண்டன் பெயரை ஒருவரும் கேட்கவில்லை. அவள் சம்பளத்தில் பாதி தவணைக்கே போகிறது.

பிள்ளையைச் சேர்க்கப் போகும் தாய்மாரே, முழுத் தொகையையும் ரூபாயில் எழுதித் தராத இடத்தில் ஒரு சதமும் கட்டாதீர்கள், பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும். ஆட்சியில் இருப்பவர்களே, இந்த மண்ணில் நடக்கும் வகுப்புக்கு இந்த நாட்டுக் காசில் கட்டணம் போடச் சட்டம் கொண்டுவாருங்கள். 2022 இல் படிப்பின் நடுவில் அகப்பட்ட பிள்ளைகளின் கடனுக்கு ஏறிய வட்டியைத் தள்ளுபடி செய்யுங்கள். அந்த வட்டி எங்களுடையது அல்ல.