பேரேட்டை யாரிடம் ஒப்படைப்பது?



செவ்வாய்ப்பேட்டை மண்டியானாலும், நாமக்கல் முட்டை வியாபாரமானாலும், ஆத்தூர் ஜவ்வரிசியானாலும் இன்று ஒரே பேச்சுத்தான். ஏ.ஐ. வந்துவிட்டது, யார் பாக்கி எவ்வளவு, சரக்கு இருப்பு எவ்வளவு என்று வாயால் கேட்டாலே பதில் சொல்லுமாம். சொல்லட்டும். ஆனால் அது எந்தப் பேரேட்டைப் பார்த்துச் சொல்கிறது, அந்தப் பேரேடு யார் கையில் இருக்கிறது என்பதை நாம் முதலில் கேட்க வேண்டாமா?

கம்ப்யூட்டர்காரர்கள் ரிலேஷனல் டேட்டாபேஸ் என்பது நமக்குப் புதிதல்ல. நாள்வழியில் எழுதியதைப் பக்க எண் போட்டுப் பேரேட்டில் ஏற்றுகிறோம். ஒன்றைத் தொட்டால் மற்றொன்று கிடைக்கிறது. இதே ஒழுங்கைக் கம்ப்யூட்டருக்கு 1970-ல் வகுத்துக் கொடுத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட். அந்தப் பேரேட்டைக் காப்பது, பிரதி எடுப்பது, பழுது பார்ப்பது எல்லாவற்றையும் வாடகைக்குச் செய்து தருவதே இப்போது விற்கப்படும் சேவை.

ஒரு கடை, ஒரு கணக்குப்பிள்ளை என்று இருப்பவருக்கு இது தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. இருக்கிற டேலியும், தினமும் தனியாக எடுத்து வைக்கும் பிரதியும் போதும். நாலு ஊரில் கிளையும் கிடங்கும் உள்ளவர்கள் வாங்கத்தான் வேண்டியிருக்கும். அவர்கள் கையெழுத்துப் போடுமுன் ஐந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, இடம். மைக்ரோசாப்ட் 2015-ல் சென்னையிலும், அமேசான் 2016-ல் மும்பையிலும் நிலையம் திறந்துவிட்டன. நம் கணக்கு இந்தியாவிலேயே இருக்கும் என்று எழுதி வாங்கலாம்.

இரண்டாவது, வெளியேறும் வழி. போஸ்ட்கிரஸ் போன்ற, யாருக்கும் தனிச்சொத்தாக இல்லாத டேட்டாபேஸாகக் கேளுங்கள். பிடிக்காவிட்டால் வேறு இடத்துக்கு மாறலாம். ஏ.ஐ.க்கு வேண்டிய தேடும் வசதியையும் பிஜிவெக்டர் என்ற இணைப்பால் அதிலேயே சேர்க்கலாம். தனி டேட்டாபேஸுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

மூன்றாவது, பிரதி. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியின் கணக்கையே கூகுள் கிளவுட் தவறுதலாக அழித்துவிட்டது. இரண்டு ஊர்களில் இருந்த பிரதிகளும் சேர்ந்தே போயின. வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த பிரதியும் மீட்புக்குக் கைகொடுத்தது. 2025 செப்டம்பரில் தென்கொரிய அரசின் தகவல் மையம் தீப்பற்றியபோது, வெளியில் பிரதி இல்லாத அரசு ஊழியர்களின் கோப்புகள் அழிந்தே போயின. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காக்க வேண்டியவர்கள் நாம். "கம்பெனிக்காரன் தொலைத்துவிட்டான்" என்று அதிகாரியிடம் சொல்ல முடியுமா? பிரதி வேறொருவரிடமும் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து சரிபாருங்கள்.

நாலாவது, கட்டணம். மாத வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். சேமிக்கும் அளவுக்கு, பயன்படுத்தும் நேரத்துக்கு, டேட்டாவை வெளியே எடுப்பதற்கு என்று தனித்தனியாகப் போடுவார்கள். மூட்டை விலை மலிவு என்று வாங்கி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டி வாடகையில் லாபத்தை விட்ட கதையாகிவிடும்.

ஐந்தாவது, சாவி. ஏ.ஐ. கணக்கைப் படிக்கலாம், திருத்தக் கூடாது. அந்த அளவுக்கு மட்டுமே அனுமதி கொடுக்க வேண்டும். நம் கொள்முதல் விலையையும், எந்தக் கடைக்கு எத்தனை நாள் கடன் என்பதையும் வைத்துத் தங்கள் ஏ.ஐ.யைப் பழக்க மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. வாடிக்கையாளரின் பெயரையும் செல்போன் எண்ணையும் காப்பது 2023-ம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி நம் பொறுப்பாகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

தனித்தனியாகப் போய் நின்றால் அச்சடித்த ஒப்பந்தத்தைத்தான் நீட்டுவார்கள். சரக்கு லாரி வாடகையைச் சேர்ந்து பேசுவது போல, விருப்பமுள்ள உறுப்பினர்களைச் சேர்த்துச் சங்கமே இந்த ஐந்தையும் முன்வைத்துப் பேச வேண்டும். அடுத்த செயற்குழுவில் இதை எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.