தேள் கொட்டியதால் லீவு!

சரித்திரம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கோட்டை, கொத்தளம், கிரீடம், வாள்... எனக்கு லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்தில் இருக்கும் ஒரு சுண்ணாம்புக்கல் சில்லுதான் ஞாபகம் வரும். உயரம் ஒன்றேகால் அடி. நம் வீட்டு வாசலில் கிடந்தால் ஸ்கூட்டருக்கு முட்டுக் கொடுத்திருப்போம்.

அது என்ன தெரியுமா? லீவு ரிஜிஸ்டர், சார்! வயசு மூவாயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேல்!

எகிப்தில் இரண்டாம் ராம்சேஸ் ஆட்சியின் 40-வது வருஷம். அதாவது கி.மு. 1250 வாக்கில். ராஜாக்களுக்குக் கல்லறை குடைகிற தொழிலாளிகளுக்கென்றே நைல் நதியின் மேற்குக் கரையில் ஒரு குடியிருப்பு இருந்தது. இன்றைக்கு அந்த இடத்துக்குப் பெயர் டெய்ர் எல் மெதினா. கல் உடைப்பவர், சித்திரம் எழுதுபவர், குமாஸ்தா எல்லோரும் குடும்பத்தோடு அங்கேதான். பாப்பிரஸ் தாள் விலை ஜாஸ்தி. கல்லறை குடையும்போது சிதறுகிற சில்லோ இலவசம். குமாஸ்தா அதிலேயே எழுதிவிட்டார். வலது ஓரத்தில் 40 பேரின் பெயர்கள். பக்கத்தில், வேலைக்கு வராத தேதி கறுப்பு மையில். தேதிக்கு மேலே, வராத காரணம் சிவப்பு மையில். மொத்தம் 280 நாள் கணக்கு. (ஆபீஸில் சிவப்பு மையைக் கண்டால் வயிற்றைக் கலக்குவது இன்று நேற்று வந்த வியாதி இல்லை!)

காரணங்களைப் பாருங்க. ஒருத்தனுக்குக் கண் வலி. செபா என்பவனைத் தேள் கொட்டிவிட்டது. பென்னுப்பின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. இன்னொருத்தன் இறந்துபோன சகோதரனின் உடலைப் பதப்படுத்தப் போய்விட்டான். ஒருத்தன் சிநேகிதனோடு உட்கார்ந்து குடித்தான். அதையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள்! 'மேலதிகாரியோடு போயிருந்தான்' என்றும் வருகிறது. மேலதிகாரியின் சொந்த வேலைக்கு ஆள் போவது அங்கே ஓரளவுக்கு அனுமதிக்கப்பட்ட வழக்கம். நம் ஊரில் மேனேஜர் வீட்டு காஸ் சிலிண்டருக்கு அலைபவர்கள் ஆறுதல் அடையலாம்.

நிறைய பேர் 'பீர் காய்ச்ச' லீவு போட்டிருக்கிறார்கள். உடனே கண்ணடிக்காதீங்க. அந்த ஊரில் சம்பளமே தானியம்தான். கோதுமை ரொட்டிக்கு, பார்லி பீருக்கு. குழந்தை குட்டியோடு தினமும் சாப்பிட்ட ஆகாரம் அது. நம் கணக்கில் 'இட்லிக்கு மாவு அரைக்கணும் சார், லீவு வேணும்' என்பது மாதிரி.

இன்னொன்று, மனைவிக்கோ மகளுக்கோ மாதவிலக்கு என்று லீவு. அந்த நாட்களில் வீட்டு வேலைக்கு ஆண் தேவைப்பட்டிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் யூகிக்கிறார்கள். மூவாயிரம் வருஷம் கழித்து நம்மில் எத்தனை பேர் அந்தக் காரணத்தை எழுதிக்கொண்டு மேனேஜர் முன்னால் போய் நிற்போம்? சும்மா கேட்டேன்!

'லீவு லெட்டரில் எவன் சார் உண்மையை எழுதுவான்?' என்கிறீர்களா? நியாயம். செத்த பாட்டியை மூணு தடவை சாகடித்தவர்கள் நாம். ஆனால், பொய்க்கும் ஒரு தர்மம் உண்டு. நம்புகிற மாதிரி இருக்கணும்! தேள் கொட்டிற்று என்று ஒருத்தன் புளுகியிருந்தாலும், தேள் கொட்டுவது அங்கே சகஜம் என்பதாவது நிச்சயம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் வீட்டில் இருக்கலாம் என்று ஒரு ராஜாங்கம் ஒத்துக்கொண்டிருந்தது என்பதும் நிச்சயம்.

அந்த ராம்சேஸையும் பார்ப்போம். அபு சிம்பெல்லில் தனக்கு 65 அடி உயரத்தில் நாலு சிலை வைத்துக்கொண்டார். கி.மு. 1274 வாக்கில் ஹிட்டைட்டுகளோடு காதேஷில் நடந்த சண்டை, யாருக்கும் தெளிவான வெற்றி இல்லாமல் முடிந்தது. ஆனால், கோயில் சுவர்களில் தானே ஜெயித்ததாகச் செதுக்கச் சொல்லிவிட்டார்! சுவர், ராஜா சொன்னதைச் சொல்கிறது. சில்லு, ஊரில் நடந்ததைச் சொல்கிறது.

சுமார் நூறு வருஷம் கழித்து, மூன்றாம் ராம்சேஸின் 29-வது ஆட்சி வருஷத்தில், இதே குடியிருப்பில் சம்பள தானியம் வரவில்லை. 'பசிக்குது' என்று வேலையை நிறுத்திவிட்டு, கோயில் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். எழுத்தில் பதிவான ஸ்டிரைக்குகளில் மிகப் பழசு இதுதான் என்கிறார்கள். அதை நமக்குச் சொல்வதும் ஒரு குமாஸ்தா எழுதிவைத்த பாப்பிரஸ் சுருள்தான்.

அதனால் லீவு லெட்டரை அலட்சியமாக எழுதாதீங்க. உங்க முதலாளியின் பளிங்குச் சிலை நிற்குமோ நிற்காதோ, 'குழந்தைக்கு ஜுரம்' என்று நீங்க எழுதின ஒரு வரி நிற்கலாம்.