ஒரே பெயரில் இரண்டு டாலர்

கோயில் வாசலில் செருப்பை விட்டால் டோக்கன் தருவார்கள். உள்ளே செருப்பு பத்திரமாக இருக்கும் வரைதான் அந்த டோக்கனுக்கு மதிப்பு. செருப்பே காணாமல் போனால்? கையில் இருப்பது வெறும் தகரத் துண்டு!

ஸ்டேபிள்காயின்களை ஒரு பிளாக்செயினிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டு போகும் பல "பாலங்கள்" இந்தச் செருப்புக் கடை மாதிரிதான். யூஎஸ்டிசி-யை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிடுவது சர்க்கிள் நிறுவனம். ரொக்கமும் அமெரிக்க அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்களும்தான் அதற்கான கையிருப்பு. ஆனால் ஒரு செயினில் நடப்பது இன்னொரு செயினுக்குத் தானாகத் தெரியாது. அதனால் பாலம் ஒரு பக்கம் அசலைப் பூட்டி வைத்து, மறு பக்கம் டோக்கன் அச்சடிக்கிறது. வம்பு என்னவென்றால், அந்த டோக்கனையும் பல இடங்களில் "யூஎஸ்டிசி" என்றே அழைத்தார்கள்.

2023 ஜூலையில் மல்டிசெயின் என்ற பாலத்திலிருந்து 12 கோடி டாலருக்கு மேல் வெளியேறியது. ஃபேண்டம் செயினில் யூஎஸ்டிசி என்று புழங்கியது மல்டிசெயினின் டோக்கன்தான். அதன் விலை சரிந்தது. சர்க்கிளின் கையிருப்புக்கோ ஒன்றும் ஆகவில்லை! டாலர் பத்திரமாக இருந்தது, டாலர் வைத்திருப்பதாக நம்பியவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. 2022 பிப்ரவரியில் வோர்ம்ஹோல் பாலத்தில், செருப்பே விடாமல் டோக்கன் அடித்துக்கொண்டார் ஒரு திருடர். 1,20,000 ஈதருக்கு!

சர்க்கிள் 2023 ஏப்ரலில் வேறு வழி கொண்டுவந்தது. அனுப்பும் செயினில் காயினை அழித்துவிட்டு, பெறும் செயினில் அதே அளவு புதிதாக வெளியிடுவது. பூட்டி வைத்த குவியலே இல்லை, எனவே கொள்ளையடிக்கவும் எதுவும் இல்லை.

"எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில் போய்விடுகிறதே" என்பார்கள். உண்மைதான். 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தபோது சர்க்கிளின் சுமார் 4,000 கோடி டாலர் கையிருப்பில் 330 கோடி அங்கே சிக்கியது. யூஎஸ்டிசி-யும் 88 சென்ட் வரை இறங்கியது. ஆனால் பாலத்தின் டோக்கன் வைத்திருப்பவர் சர்க்கிளையும் நம்ப வேண்டும், பாலத்தையும் நம்ப வேண்டும். இரண்டு ஆபத்தைவிட ஒன்று மேல் இல்லையா?

சில செயின்களில் பாலம் வழியாக வந்ததை "யூஎஸ்டிசி.இ" என்று பிரித்துக் காட்டுகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தச் சின்ன "இ"-க்கு என்ன அர்த்தம் என்று புதிதாக வருபவருக்கு யார் சொல்வது? பாலத்தின் பெயரையே வாலட்டில் பளிச்சென்று போட்டால் என்ன குறைந்துவிடும்?

அதுவரை, அடுத்த முறை உங்கள் வாலட்டில் டாலர் தெரிந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதைத் திருப்பிக் கொடுத்தால் டாலர் தரப்போவது யார்?